எல்லா ஒயரும் சிவப்பு

விளக்கு இரண்டும் ஒரேயடியாக அணைந்தபோது கம்பம் மெட்டு வளைவில் ஜீப் பாதி திரும்பியிருந்தது, முன்னால் சாலை இல்லை, வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும், பவுன்தாயின் கால் தானாகவே பிரேக்கை மிதிக்க, ஏலத்தோட்டத்து வேலை முடிந்து பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்தார்கள், யாரும் கத்தவில்லை, கத்தினால் வண்டி உருண்டுவிடும் என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு சுருளியம்மா மட்டும் மெல்ல இறங்கி, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ஏ பவுனு, என் முதுகப் பாத்தே வா, ஓரத்த நான் பாத்துக்கிறேன் என்று முன்னால் நடந்தாள், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பவுன்தாய் மலையிறங்கினாள், அடிவாரத்தில் சுருளியம்மா திரும்பி, உன்னய நம்பாம இல்லடி, வண்டியத்தான் நம்ப முடியல, சரி பண்ணுற வரைக்கும் நாங்க வேற ஜீப்புல போறோம் என்று சொன்னபோது கோபமில்லாமல்தான் சொன்னாள், அதுதான் பவுன்தாயை அதிகம் சுட்டது.

அடுத்த தெருவில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் சிக்கந்தர் பாய் பானெட்டைத் திறந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், என்னக்கா இது, எல்லா ஒயரும் சிவப்பா இருக்கு, எது லைட்டு, எது ஆரனு, எது எங்க போகுதுன்னு கட்டுனவருக்குத்தான் தெரியும், அவரையே கூப்புடுங்க. கட்டியவன் அவள் புருஷன் மொக்கராசு, சில வருஷங்களுக்கு முன் கூடலூரில் வேறொருத்தியோடு குடும்பமாகிப் போனவன், போகும்போது ஜீப்பை அவளுக்கே விட்டுவிட்டான், அவளும் ஓட்டக் கற்றுக்கொண்டு அதில்தான் பிழைக்கிறாள், அவனைக் கூப்பிடும்படி ஒன்றும் வரவில்லை, இதுவரை. அந்த ஒயரைக் கட்டிய நாள் அவள் கண்ணுக்குள் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது, வாசலில் பெரிய சிவப்பு ஒயர்ச் சுருளைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் ஒரே கலரா இருந்தா எப்படிங்க கண்டுபிடிப்பீங்க என்று அவள் கேட்கிறாள், அவன் நெற்றியில் விரலால் தட்டிக்காட்டி, எல்லாம் இங்க இருக்கு, நான் இல்லாட்டி இந்த வண்டி நகராது, பாத்துக்க என்கிறான், அவள் சிரிக்கிறாள், பெருமையாகக்கூட இருக்கிறது, தண்ணீர்க் குழாயடியில் அதை நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

வண்டியில லைட்டு எரியல என்று மட்டும் போனில் சொன்னாள், வாறேன் என்று மட்டும் அவன் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையோடு வந்து வாசலில் நின்றான், காதோரம் நரைத்திருந்தது, சாப்பிட்டீங்களா என்று வாய் கேட்டுவிட்டது, ஆச்சு என்றான், அதோடு சரி, நேராகப் போய் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான், பழைய பியூஸ் பெட்டியைப் பிடுங்கி வெளியே எடுத்தபோது ஒரு பக்கம் மெழுகுபோல உருகி வழிந்து இறுகியிருந்தது, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பி சுற்றியிருந்தது, இது என்ன என்று கேட்டாள், அப்ப பியூஸ் அடிக்கடி போச்சு, உனக்குத் தொந்தரவா இருக்கும்னு கம்பியச் சுத்தி விட்டேன் என்றான், போகட்டும்னுதான அத வைக்கிறது, அது போயிருந்தா பெட்டியாவது தப்பிச்சிருக்குமில்ல என்றாள், அவன் உருகிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து சிவப்பு ஒயர்ச் சுருளை எடுத்தான், அதே சிவப்பு, அவள் உள்ளே போய், தான் வாங்கி வைத்திருந்ததைக் கொண்டுவந்து அவன் முன்னால் பரப்பினாள், புதுப் பெட்டி, ரிலேக்கள், பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று ஒயர்கள், எதுக்கு இத்தனை கலரு என்று அவன் கேட்டான், இனிமே எது போனாலும் சிக்கந்தர் பாய் பாக்கணும், உங்களக் கூப்புடுற மாதிரி இருக்கக் கூடாது. நீல ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே, அப்ப எனக்கு இங்க வர ஒரு சோலியும் இருக்காது என்றான், ஆமா என்றாள்.

சிவப்புச் சுருளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு அவன் வேலையைத் தொடங்கினான். அவள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முன்ன லைட்டுக்குப் போற கரண்டு பூரா சுவிட்சு வழியாவே போச்சு, அதான் சூடேறி உருகுச்சு, இனி சுவிட்சு சொல்லும், பாரத்த ரிலே தாங்கிக்கும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான், வைப்பருக்கு மஞ்சள் ஒயரை இழுத்தான், அந்த மஞ்சளோடு ஒரு பழைய மழையும் வந்தது, காய்ச்சல் கண்ட மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், வைப்பர் நின்றுவிட்டது, அவன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருகிறான், தோள்வரை நனைந்த சட்டை, பயப்படாதடி, நான் இருக்கேன்ல, அது நடந்ததுதான், ஆனால் கனவில் வரும்போது மழை வண்டிக்குள் பெய்கிறது, மகள் கல்யாணமான பெண்ணாக மடியில் கிடக்கிறாள், ஸ்டியரிங்கில் யாருமில்லை, அப்போதும் கண்ணாடியை ஒரு கை துடைத்துக்கொண்டேயிருக்கிறது. லைட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு என்றான், காட்டினாள்.

வெயில் சாயும் நேரத்தில் முடிந்தது, விளக்குகள் முன்பு எப்போதும் இல்லாத வெளிச்சத்தில் எரிந்தன, அவன் மூடியைத் திறந்து ஒரு பியூஸை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இப்பப் போய் பாயக் கூட்டிட்டு வா, ஆரன் அடிக்கலன்னு மட்டும் சொல்லு என்றான், அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டு இல்லை. சிக்கந்தர் பாய் வந்தார், ஹாரனிலிருந்து பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே பெட்டிவரை வந்தார், இந்தா, இதுல ஒரு பல்லக் காணோம், இதுக்கா என்னயக் கூப்புட்டீங்க, நீங்களே மாட்டிரலாமேக்கா என்றார், மொக்கராசு பியூஸை எடுத்து அவரிடம் கொடுக்காமல் பவுன்தாயிடம் நீட்டினான், அவள் அழுத்தி மாட்டி ஹாரனை அடித்தாள், தெருநாய் துள்ளி எழுந்தது. பொழைக்கத் தெரியாதவன் கட்டுன மாதிரி இருக்கு பாய், எவன் வேணாலும் பாத்துருவான் என்றான் மொக்கராசு, சுத்தமான வேலைண்ணே என்றார் பாய், அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறேன், ஏறுங்க என்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் வலப்பக்கம் போய்க் கதவில் கை வைத்தான், அவள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருந்தாள், அவன் கையை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான், கைப்பிடியை இழுத்தான், திறக்கவில்லை, மறுபடி இழுத்தான், அந்தக் கதவை லேசாகத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், அவன் ஓட்டிய வருஷமெல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தவள் அவள், அவனுக்கு அது தெரிய வேண்டிய தேவை வந்ததில்லை, கண்ணாடிக்கு அப்பால் அவன் தடுமாறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு குறுக்கே சாய்ந்து உள்ளேயிருந்து திறந்துவிட்டாள், அவன் ஏறி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.