கேப்டன் ட்ரெம்பாத்தின் பாறை

கடலில் ஒரு பாறை இருக்கிறது என்று காட்ட ஒருமுறை இடித்தால் போதும். இல்லை என்று காட்டுவதற்குத்தான் உயிர் போகும். தண்ணீருக்கு அடியில் ஓர் இடம் விடாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை வீசி வீசித் தோள் இற்றுப்போன என்னைக் கேட்டால் இதை நாள் முழுக்கச் சொல்வேன்.

தெற்கு ஆஸ்திரேலியக் கரையை அளக்கிற படகில் குண்டு வீசுவது என் பிழைப்பு. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் தேடியது கேப்டன் எட்வின் ட்ரெம்பாத்தின் பாறையை. முந்தைய ஆண்டு கோதுமை ஏற்றிப்போன அவருடைய கப்பல் ஹாரல் முனைப் பக்கம் மோதி மூழ்கியது. செத்தவர்களில் அவருடைய தம்பி கிட்டும் ஒருவன். அன்று சுக்கான் பிடித்திருந்தவன் அவன்தான். எல்லாக் கப்பலும் போகிற ஆழ்கடல் தடத்தில்தான் போனேன், வரைபடத்தில் இல்லாத பாறை ஒன்று அங்கே இருக்கிறது என்று விசாரணையில் ட்ரெம்பாத் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். விசாரித்தவர்கள் நம்பவில்லை. சொன்ன இடத்தில் பாறை இருந்தால் கப்பலோட்டும் உரிமம் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் அவர் கதை முடிந்தது. இடத்தைக் காட்டுவதற்காக அவரையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"பாறை ராத்திரில எந்திரிச்சு எங்கயாவது நடந்து போயிருக்குமோ?" துடுப்பு வலிக்கிற டக்கர் அவர் காதுபடவே கேட்பான்.

"சும்மா இருடா," என்பேன்.

"நான் என்ன சொன்னேன்? காலாற நடந்துட்டுத் திரும்பி வரட்டும்னுதானே சொல்றேன்."

ட்ரெம்பாத் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் இழுக்கிற குண்டின் அடியையே பார்ப்பார். அடிக்குழியில் மாட்டுக் கொழுப்பு அப்பியிருப்போம். கடலடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். மணல் வந்தது. மறுபடியும் மணல். சிப்பித்தூள். மணல். கடல் தனக்காக ஒரு பாறையை முளைக்க வைக்காதா என்று ஏங்குகிற முகம் அது. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் அந்த முகத்துக்காகக் குண்டை இன்னொரு முறை வீசுவேன்.

கடைசியில் எங்கள் அதிகாரி லெப்டினன்ட் பெல்லமி பென்சிலைக் கீழே வைத்தார். "போதும். இங்க பாறை இல்ல. நாளைக்கு முனைக்கு உள்பக்கம் கரையோரமா அளக்கலாம்."

"அங்க எதுக்குங்க?" ட்ரெம்பாத் சட்டென்று கேட்டார். "நான்தான் அந்தப் பக்கமே போகலையே?"

"கரைன்னா எல்லாத்தையும்தான் அளக்கணும், கேப்டன்."

மறுநாள் வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. முனைக்கு அருகில் பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி, ஆழம் ஓடிக்கொண்டிருந்த கயிறு திடீரென்று நான்கு பாகத்தில் நின்றது. கையில் அதிர்ந்தது. கல்! குண்டை இழுத்துப் பார்த்தால் கொழுப்பில் பச்சையாக ஒரு துணுக்கு. கப்பலின் அடியைப் பூச்சி அரிக்காமல் இருக்க அடிக்கிற செப்புத் தகடு.

"கெடச்சிருச்சு கேப்டன்!" டக்கர் துடுப்பை விட்டுவிட்டு அவர் முதுகில் தட்டினான். கிண்டல் செய்தவன் கண்ணில் தண்ணீர். "உங்க பாறை கெடச்சிருச்சு!"

ட்ரெம்பாத் அசையவில்லை. அப்போதுதான் நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். முனை தலைக்கு மேலே நின்றது. பாறை முகட்டில் உட்கார்ந்திருந்த நீர்க்காகங்களை எண்ணிவிடலாம். ஆழ்கடல் தடம் இங்கிருந்து வெளியே இரண்டு மைல்.

அவர் அந்தத் துணுக்கைக் கொழுப்பிலிருந்து பிய்த்துக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, படத்துல ரெண்டு மைல் வெளிய தள்ளிப் போட்டுடுங்க," என்றார். "பாறை இருக்குறது நெசம்தானே? யாருக்குத் தெரியப் போகுது?"

பெல்லமி கோபப்படவில்லை. "வெளிய பாறைன்னு போட்டா, அதுக்குப் பயந்து வர்ற கப்பல் எந்தப் பக்கம் ஒதுங்கும், கேப்டன்?"

இந்தப் பக்கம்தான் ஒதுங்கும். நேராக இதன் மேலேயே வரும்.

ட்ரெம்பாத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "கிட் சொன்னான். 'அண்ணே, தள்ளிப் போயிரலாம், தண்ணி நெறமே சரியில்ல'ன்னான். எதிர்க்காத்துல வெளிய சுத்திப் போனா ஒரு நாள் வீணாகும்னு நான்தான்... 'வாயை மூடிட்டுப் பிடிடா'ன்னேன். அவன்கிட்ட நான் கடைசியாப் பேசுனது அதான்."

பெல்லமி பென்சிலை எடுத்தார்.

"இருக்குற எடத்துலயே போடுங்க," என்றார் ட்ரெம்பாத்.

"பேரு வைக்கணும். கப்பல் பேரை வைக்கிறதுதான் வழக்கம்."

"கப்பல் என்ன பாவம் பண்ணுச்சு? எம்பேரைப் போடுங்க."

உரிமம் போயிற்று. பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற பெயரும் சேர்ந்தது. துறைமுகத்தில் கோதுமை மூட்டை சுமந்து, யாரோடும் பேசாமலே செத்துப்போனார். தம்பியைக் கொன்ற ஆள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. அவர்மேல் இரக்கமும் உண்டு. இரண்டையும் நான் மறைப்பதில்லை.

போன மாதம் கரையோரக் கப்பல் ஒன்றில் பயணியாகப் போனேன். ஹாரல் முனை தெரிந்ததும் கேப்டன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"ட்ரெம்பாத் வருது. தள்ளிப் போ!"

"சரிங்க, தள்ளிப் போறேன்," என்று சுக்கான் பிடித்தவன் உடனே திருப்பினான். கிட் அன்று கேட்டது இது ஒன்றைத்தான்.