தோர்க் ஏன் உள்ளே போகவில்லை

மைதாவில் வெந்நீரை ஊற்றி ரஸ் கிளறக் கிளற, பசை கட்டி கட்டியாகத் திரண்டுகொண்டே போனது. மனைவி நோரீன் கலக்கினால் வழுவழுவென்று வரும். எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். இப்போது போய்க் கேட்க முடியாது. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது, அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அந்தச் சத்தம்.

விடியும் நேரத்தில் ஆரம்பித்தது அது. தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல ஒரு களகளப்பு. பிறகு ஒன்றுமே இல்லாமல் ஓர் இடைவெளி. முடிந்துவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடியும் களகளப்பு. நர்ஸ் யோலாண்டா ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு அவன் முழங்கையைப் பிடித்துச் சொன்னாள்.

"அவங்களுக்கு வலி இல்ல ரஸ்ஸல். சத்தம்தான் அப்படி இருக்கு. இன்னைக்கு மத்தியானத்தைத் தாண்டாதுன்னு நினைக்கறேன். பக்கத்துலயே இருங்க."

"சரி" என்றான் ரஸ். சரி என்று சொன்ன மனுஷன் நேராக வெளியே போய் வாசல் பாதையில் கிடந்த பனியை அள்ள ஆரம்பித்தான். அள்ளி முடித்துப் படிகளில் உப்பு தூவினான். கொட்டகையில் ஒரு பல்பு போய் மூன்று மாதமாயிற்று, அதை மாற்றினான். நோரீனின் அக்கா கார்லீன்தான் விடியற்காலையிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

பன்றிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறவன் ரஸ். ஒரு தடவை ஆண்பன்றி ஒன்று தொடையைக் கிழித்து, பதினேழு தையல் போட்டபோது பல்லைக்கூடக் கடிக்கவில்லை. அந்த ஆளால்தான் இப்போது தன் வீட்டுக்குள் பத்தடி தூரம் நடந்து ஒரு கதவைத் தள்ள முடியவில்லை.

எட்டு மணிக்கு மகள் டெஸ்ஸா வந்து கேட்டாள். பதினோரு வயது.

"நான் அம்மாகிட்ட போகட்டுமாப்பா?"

"இப்ப வேணாம் கண்ணு. அம்மா தூங்கறா."

ஒன்பதரைக்கு மறுபடியும் கேட்டாள். அதே பதில்தான். தூங்குகிறாளாம்! அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிச் சொல்ல அவனுக்கு வாய் எப்படித்தான் வந்ததோ. டெஸ்ஸா சாப்பாட்டு மேசைக்குப் போய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள்.

அன்றைக்கு வகுப்பு இருந்தது. அந்தப் பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருத்தி கணக்கு, ஒருத்தி செடிகொடி. வியாழக்கிழமை இலக்கியம் நோரீன். மாயாஜாலக் கதைதான் அவள் பாடப்புத்தகம். ராட்சசனும் மந்திரவாதியும் இல்லாத புத்தகத்தை அவள் வகுப்புக்குள் விடுவதில்லை. படித்ததைக் கையால் செய்துபார்க்க வேண்டும் என்பது அவள் சட்டம். இந்த வருஷம் அட்டையும் மாவுப்பசையும் வைத்து ஒரு மலை. கதையில் எங்கே நெஞ்சு படபடக்கிறதோ அங்கே மலை உயர வேண்டும், எங்கே மூச்சு விடுகிறோமோ அங்கே தாழ வேண்டும். எவ்வளவு உயரம் என்பதைப் பிள்ளைகள் சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். சும்மா சண்டையும் ஆகாது. பக்கம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லா அம்மாக்களுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "பத்தொன்பதாவது அத்தியாயம், வியாழக்கிழமை. நான் இருந்தாலும் இல்லாட்டாலும்."

பத்து மணிக்கு வண்டி வந்தது. மைக்காவின் அம்மா வகுப்புக்கு வரும் மூன்று பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, ஈயத்தாள் மூடிய ஒரு கண்ணாடித் தட்டை அவன் கையில் திணித்தாள். மாட்டிறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பரப்பிச் சுட்ட கேசரோல். குளிர்பெட்டியில் ஏற்கெனவே அதே மாதிரி ஆறு இருந்தன. சாவுக்கு முன்பே சாவு வீட்டுச் சாப்பாடு வந்து குவிந்துகொண்டிருந்தது.

"நெஜமாவே வகுப்பு வேணுமா ரஸ்?" என்றாள். கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"நோரீன் சொல்லிட்டா."

"அவ சொன்னா சொன்னதுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள். பிள்ளைகளை அழைத்துப்போக மத்தியானம்தான் வருவாள்.

மைக்காவுக்குப் பதின்மூன்று வயது, வாய் மட்டும் முப்பது. ஜூனிபர் பதினாலு வயசுப் பெண், அதிகம் பேசமாட்டாள். எஸ்றாவுக்கு ஏழு. மூன்று பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டெஸ்ஸா அம்மாவின் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அம்மா நிற்கிற இடத்தில் நின்றாள்.

"பத்தொன்பது. என்ன நடந்துச்சு? யாராவது சுருக்கமா."

"தோர்க் கதவுக்கு வெளிய நிக்கறான்" என்றான் மைக்கா. "அவ்வளவுதான். இருவது பக்கம். போர் முடிஞ்சுபோச்சு, ஓநாயெல்லாம் ஒழிஞ்சுது, உள்ள மலையரசி உறைபனி விஷம் ஏறிச் சாகக் கிடக்கறாங்க. இந்த ராட்சசன் தடிமாடு மாதிரி வாசல்ல நிக்கறான். மலையில இதுக்கு உசரமே தர முடியாது. உச்சி பதினாறுதான். ஓநாய்ப் போர்."

"ஏன் நிக்கறான்?"

"காவக்காரன். நிக்கறது அவன் வேலை."

"எழுதினவங்களுக்கு அடுத்த அத்தியாயத்துல அவன் வெளிய தேவைப்பட்டிருப்பான்" என்றாள் ஜூனிபர். "ஆனா அது மட்டும் இல்லன்னு தோணுது."

"தோணுதுன்னா பக்கம் காட்டு" என்றான் மைக்கா.

ரஸ் பசைக் கிண்ணத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். மைக்கா கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தான். "இது பசையா, கொழுக்கட்டையா?" எஸ்றா களுக்கென்று சிரித்தான். பின்னறையில் களகளப்பு நின்றது. ரஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பவும் வந்தது. அவன் அடுப்படிக்கே போய்விடலாம் என்று திரும்பினான்.

"அப்பா, நில்லுங்க. சூட்டு நாற்காலி இருக்கு."

சூட்டு நாற்காலி நோரீனின் கண்டுபிடிப்பு. கதையில் வரும் ஒருவராக யாராவது அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். உட்கார்ந்தவர் அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது.

"நான் எதுக்கு? நான் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்ல."

டெஸ்ஸா நோட்டை அவன் பக்கம் திருப்பினாள். நோரீனின் சாய்ந்த எழுத்து, கை நடுங்க ஆரம்பித்த பிறகு எழுதியது. *அத். 19. நாற்காலியில் தோர்க்: ரஸ். மாட்டேன் என்பான். விடாதீர்கள்.*

அவனுக்கு முகம் சூடேறியது. மூன்று வருஷத்துக்கு முன் நோரீனின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது, ரஸ் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று முக்கால் மணி நேரம் லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து அவள் இறங்கி வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சாவியை வாங்கிக்கொண்டு தானே வண்டியை ஓட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

உட்கார்ந்தான்.

"உன் பேர் என்ன?" என்றான் எஸ்றா. முதல் கேள்வி எப்போதும் அவனுடையது.

"தோர்க்."

"எவ்ளோ உசரம்?"

"ஆறடி ரெண்டங்குலம்."

"பதினெட்டு அடி! நாப்பத்திரெண்டாம் பக்கம்!" மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரஸ்ஸுக்கும் உதடு லேசாக இழுத்தது.

மைக்கா வக்கீல் மாதிரி முன்னால் சாய்ந்தான். "எதிரி ஒருத்தன்கூட மிச்சமில்ல. யார்கிட்டேருந்து கதவைக் காவல் காக்கற?"

"தெரியல."

"அரசி மூணு தடவை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றாள் ஜூனிபர். "காது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் போகல?"

"வேலை இருந்துச்சு."

"என்ன வேலை?"

"பனி அள்ளினேன்."

"பனியா!" மைக்கா மேசையைத் தட்டினான். "மிஸ்டர் ரஸ், புத்தகத்துல யாரும் பனி அள்ளறதே இல்ல. எந்தப் பக்கம்? காட்டுங்க பாப்போம்."

ஜூனிபர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். பாதை புல் தெரிகிற அளவுக்குச் சுரண்டியிருந்தது. பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ரஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது.

"நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் டெஸ்ஸா. நோட்டை மூடிவிட்டிருந்தாள். "அரசியோட மக மிரெல் சின்னப் பொண்ணு. உள்ள போகணும்னு அவ ரெண்டு தடவை கேட்டா. அவளை ஏன் விடல?"

பின்னறைச் சத்தம் நன்றாகக் கேட்டது. இதுவரை கேட்காததுபோல இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டது. எஸ்றா மெதுவாக நகர்ந்து ஜூனிபரை ஒட்டிக்கொண்டான்.

"அவ பயந்துடுவாளேன்னுதான்" என்றான் ரஸ்.

"பொய் சொல்லக் கூடாது."

ரஸ் வாசல் பக்கம் பார்த்தான். எழுந்து வெளியே போய்விடலாம். லாரிச் சாவி ஆணியில்தான் தொங்குகிறது. எரிபொருள் நிரப்பணும் என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"பயந்தது நான்" என்றான். குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "உள்ள போனா பாக்கணும். பாத்துட்டா அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாது. வெளிய நின்னு எதையாவது பண்ணிட்டிருந்தா, உள்ள அவ இருக்கான்னே வெச்சுக்கலாம். அந்தப் பொண்ணை விட்டா அது வந்து எங்கிட்ட சொல்லிடும். அதான் விடல. அவளுக்காக இல்ல, எனக்காக. என்னை மாதிரி ஒரு பேடி இந்த ஊர்லயே கிடையாது."

மைக்கா பழக்க தோஷத்தில் "பக்க..." என்று ஆரம்பித்தான். ஜூனிபர் மேசைக்கடியில் ஒரு உதை விட்டாள்.

"அப்ப எந்திரிச்சுப் போயேன் தோர்க்" என்றான் எஸ்றா. "கதவு அங்கதானே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஜூனிபர் பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாங்க மலையை ஒட்டிட்டிருக்கோம் மிஸ்டர் ரஸ். பத்தொன்பதுக்கு நிறையத் தாள் வேணும். நேரமாகும். நீங்க போங்க."

ரஸ் எழுந்தான். பத்தடி. கைப்பிடி சில்லென்றிருந்தது. அதைப் பிடித்தபடி திரும்பினான். டெஸ்ஸா மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். இவ்வளவு நேரம் மகாராணி மாதிரி வகுப்பு நடத்தினவளின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்கும் பயமா இருக்குப்பா."

"தெரியும். வா."

அவள் வந்து அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக உள்ளே போனார்கள்.

அவன் நினைத்துப் பயந்தது போலத்தான் இருந்தது. நல்லவிதமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாய் திறந்திருந்தது, கன்னம் உள்ளே போயிருந்தது, விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. ஓடிவிடு, ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொல்லியது. கார்லீன் நிமிர்ந்து பார்த்தாள். எங்கேடா போயிருந்தாய் இவ்வளவு நேரம் என்று கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. கேட்கவில்லை. எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

ரஸ் உட்கார்ந்து நோரீனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான். சில்லிட்டிருந்தது. டெஸ்ஸா கட்டிலின் அந்தப் பக்கம் ஏறி, அம்மாவின் தோளை ஒட்டிக் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"பேசலாமா? கேக்குமா?"

"கேக்கும்னு நர்ஸ் சொன்னாங்க" என்றாள் கார்லீன்.

"அம்மா" என்றாள் டெஸ்ஸா. செருமிக்கொண்டாள். "அம்மா, வகுப்பு நடந்துச்சு. எல்லாரும் வந்தாங்க. அப்பா பசை காச்சினாரு, மைக்கா கொழுக்கட்டைன்னான். உச்சி பதினாறுன்னு ஒத்தைக்கால்ல நின்னான். ஜூனிபர் இல்லன்னா. அப்பா நாற்காலியில உக்காந்தாரும்மா. நீ எழுதினபடியே முதல்ல மாட்டேன்னாரு. நாங்க விடல."

களகளப்பு வந்தது. நின்றது. ரஸ் எண்ணினான். மறுபடியும் ஒரு சின்ன மூச்சு வந்தது, இந்தத் தடவை சத்தமே இல்லாமல், தொண்டையின் மேல்பக்கத்திலிருந்து மட்டும்.

"மைக்கா வக்கீல் மாதிரி கேட்டான். அப்பா பனி அள்ளினேன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஜூனிபர் மட்டும் சிரிக்கல. அவதான் கண்டுபிடிச்சா. அப்புறம் நான் மிரெலைப் பத்திக் கேட்டேன். அது நோட்டுல இல்ல, நானாத்தான் கேட்டேன். பரவால்லதானே?"

அடுத்த மூச்சுக்காக ரஸ் காத்திருந்தான். பத்து வரை எண்ணினான். இருபது. அப்பால் சாப்பாட்டு மேசையில் தாள் கிழிக்கும் சத்தம் கேட்டது. முப்பது. கைக்குள் இருந்த கையில் ஒரு மாற்றமும் இல்லை, எல்லாம் மாறியிருந்தது. அவன் தலையைத் தூக்கினான். கார்லீனுக்குத் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, டெஸ்ஸாவைக் கூப்பிடுவதற்காகக் கட்டிலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

வேண்டாம் என்று ரஸ் தலையசைத்தான்.

கார்லீன் அப்படியே நின்றாள். அவன் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, மகள் முகத்தைப் பார்த்துத் தொடர்ந்து சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

டெஸ்ஸா சொல்லிக்கொண்டிருந்தாள். எஸ்றா தோர்க்கை எழுந்து போகச் சொன்ன இடத்துக்கு அவள் இன்னும் வரவில்லை.