ஓடத்துறை வழியாக ஒரு படையெடுப்பு

சரித்திர டீச்சருக்கும் பூகோள மாஸ்டருக்கும் பேச்சு அற்றுப்போய் வெகுநாள் ஆகிவிட்டது. காரணம், தேசப்படம் மாட்டுகிற ஒரு ஸ்டாண்டு. மாஸ்டர் அதை இரவல் வாங்கிப்போனார், திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, அது ஆதியிலிருந்தே பூகோளத்துக்கு வாங்கினதுதான் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அடித்துச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது ஏழாம் பொருத்தம். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, சாக்பீஸ் டப்பா வேண்டுமானால்கூட பியூனை விட்டுக் கேட்பார்கள். கைக்கெட்டும் தூரத்துக்குத் தூது போய்ப் போய் அந்த மனிதர் அலுத்துப்போனார். உலக யுத்தம் ஏன் மூண்டது என்று பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு மரக்கட்டையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லையே என்று மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவளும் விறைப்பாகவே இருந்தாள்.

அவளுக்கு வயிற்றெரிச்சல் அந்த ஸ்டாண்டோடு நிற்கவில்லை. அவள் பெற்ற ஒரே மகளும் அந்த ஆள் பெற்ற மகளும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. மாஸ்டர் பெண் பொடிசாக இருப்பாள், சில்லு என்று கூப்பிடுவார்கள். இரண்டும் ஈருடல் ஓருயிராகத் திரிந்தன. மகள் வீட்டுக்கு வந்தால் சில்லு இதைச் சொன்னாள், சில்லு அப்பா அதைச் சொன்னார் என்று ஒரே புராணம். தட்டில் சோற்றைப் போடுகிற போதெல்லாம் அந்த வீட்டுப் பேச்சும் கூடவே வந்து விழும். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறுவாள்.

இந்த நிலைமையில்தான் சரித்திரம், பூகோளம் இரண்டுக்கும் சேர்த்து இருந்த துறைத்தலைவர் பதவி காலியானது. ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து இரண்டு பேரின் வகுப்பிலும் உட்கார்ந்து பார்ப்பார், யார் நன்றாக நடத்துகிறார்களோ அவர்களுக்கே பதவி என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். தோற்றால் என்ன ஆகும் என்பது டீச்சருக்குத் தெரியும். ஒவ்வொரு பாடத்திட்டத்தையும் எடுத்துக்கொண்டு அந்த ஆள் முன்னால் போய் நின்று கையெழுத்துக் கேட்க வேண்டும். அதற்கு வேலையையே விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் தோற்க மாட்டோம் என்ற தைரியமும் இருந்தது. உலக யுத்தப் பாடத்தை அவளைப் போல நடத்த ஆள் கிடையாது. அவள் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். வகுப்பை இரண்டு நாடாகப் பிரிப்பாள். நடுவே தரையில் சாக்பீஸால் ஓர் ஆறு. ஒவ்வொரு பிள்ளையும் அந்த நாட்டில் ஒரு மனுஷனாகவோ மனுஷியாகவோ ஆகி, என்ன தொழில், வீட்டில் யாருக்குச் சோறு போட வேண்டும் என்பதையெல்லாம் யோசித்து ஓர் அட்டையில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். தினமும் டீச்சர் ஒரு செய்தி சொல்வாள். கோதுமை விலை ஏறிவிட்டது என்பாள், எல்லையில் ஒரு காவலாளி சுடப்பட்டான் என்பாள். இரண்டு நாடும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். எந்த வருஷமானாலும் பாடம் முடிவதற்குள் யாராவது ஒருத்தர் படையெடுத்துவிடுவார்கள். உடனே டீச்சர் சீட்டுக் குலுக்கிச் செத்தவர்களை வாசிப்பாள். பேர் வந்தவர்கள் அட்டையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்சுவரோரம் போய் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். கடைசியில் மிஞ்சினவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சண்டை ஏன் வந்தது என்று சொல்லியாக வேண்டும். சிரித்துக்கொண்டே ஆரம்பித்த பிள்ளைகள் அதைச் சொல்லும்போது அழுதுவிடும். அழவைக்காமல் அவள் ஒரு வகுப்பையும் அனுப்பினதில்லை.

இந்த வருஷம் சண்டை வந்து தொலைக்கவில்லை.

வினை அவளே வைத்துக்கொண்டதுதான். இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டு திரிவது பிடிக்காமல் ஆளுக்கொரு நாட்டில் போட்டாள். இரண்டும் தலைமைக்கு வந்துவிட்டன. மகள் இந்தக் கரையில் மருத்துவச்சி, சில்லு அந்தக் கரையில் ஓடக்காரி. எந்தக் கரையில் பிள்ளைப்பேறு என்றாலும் மருத்துவச்சி ஓடக்காரியின் படகில்தான் போவாள் என்று அதுகளாகவே கதை கட்டிக்கொண்டன. டீச்சர் என்ன செய்தி சொன்னாலும், "ஓடத்துறையில பேசிக்கிறோம் டீச்சர்" என்று எழுந்து வந்து, சாக்பீஸ் ஆற்றின் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடும். வெள்ளம் என்றாள், தானியம் பங்கிட்டார்கள். காவலாளியைக் கொன்றாள், இரண்டு நாடும் சேர்ந்து அவன் குடும்பத்துக்கு உதவி செய்தன. போதாததற்கு, ஓடத்துறையில் எந்தக் கரையிலும் காவல் போடுவதில்லை என்று ஒப்பந்தம் வேறு. வேறு நாளாக இருந்தால் டீச்சரே மெச்சியிருப்பாள். மறுநாள் ஆய்வாளர் வருகிறார். இழவே விழாத வீட்டில் எதைக் காட்டி அழவைப்பது?

அன்று மத்தியானம் பூகோள மாஸ்டர் தாழ்வாரத்தில் தன் பெண்ணின் கையில் சுருட்டிய படம் ஒன்றைக் கொடுத்துக் குனிந்து ஏதோ சொன்னதை டீச்சர் பார்த்தாள். சில்லு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் சொருகினாள். அவ்வளவுதான் பார்த்தது. மற்றதெல்லாம் டீச்சரின் மனசு ஜோடித்தது. அந்த ஆள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், ஆய்வாளர் முன்னால் என் வகுப்பைக் கவிழ்க்கப் பார்க்கிறான்.

சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், கணவருக்கு வெளியூரில் வேலை. நான் டீச்சராக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது, பெத்தவளாகச் சொல்கிறேன் என்று பீடிகை போட்டாள். நாளைக்கு மணி அடித்ததும் அந்தக் கரைக்காரர்கள் ஓடத்துறை வழியாக வரப் போகிறார்கள். படம் போட்டு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்தேன்.

மகள் நம்பவில்லை. சில்லு அப்படிச் செய்ய மாட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவ செய்ய மாட்டா. அவ அப்பன் செய்ய வெப்பான்," என்றாள் டீச்சர். "உன்னை நம்பி உன் பக்கத்துல அத்தனை பேர் இருக்காங்க. அத்தனை பேரும் சாகட்டும்னா சும்மா இரு."

மகள் தட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு, "நிஜமாவே பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். டீச்சர் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஆமாம் என்றாள். படத்தைப் பார்த்தது நிஜம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஆய்வாளர் அம்மா பின்வரிசையில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். மணி அடித்தது. சில்லு முகமெல்லாம் சிரிப்பாக, பைக்குள் கையை விட்டபடி எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் எழுந்துவிட்டாள். எங்கள் படை ஓடத்துறை வழியாக ஆற்றைக் கடக்கிறது என்றாள்.

துறையில் காவல் இல்லாததால் தடுக்க அந்தக் கரையில் ஒருத்தரும் இல்லை. விதிப்படி, எல்லையில் இருப்பவர்கள் சீட்டே இல்லாமல் முதலில் சாக வேண்டும். ஓடக்காரி சில்லு அட்டையைக் கழற்றும்போது குண்டூசி விரலில் குத்தியது. அவள் அதைக் கவனிக்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டு பின்சுவருக்கு நடந்தாள். பிறகு சீட்டு குலுக்கியதில் தச்சன் போனான், தபால்காரன் போனான், நாலு பிள்ளை பெற்ற தையற்காரி போனாள். பதிலுக்கு அந்தக் கரை அடித்ததில் இந்தக் கரையிலும் பாதி போயிற்று. பின்சுவரோரம் நெரிசலாகிவிட்டது. மிஞ்சின பிள்ளைகளில் இரண்டு மூன்று அப்போதே விசும்பத் தொடங்கின. டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிச் செத்தவர்களும் பேசலாம் என்று டீச்சர் சொன்னாள். சில்லு பையிலிருந்து அந்தச் சுருளை எடுத்துப் பிரித்தாள். ஆறு, இரண்டு கரை, நடுவே வண்ணப் பென்சிலால் அழகாக வரைந்த ஒரு பாலம்.

"இரண்டு நாடும் சேர்ந்து கட்டலாம்னு கொண்டு வந்தேன். மேடம் முன்னாடி சொல்லணும்னு அப்பாகிட்ட கேட்டு வரைஞ்சு வாங்கினேன்," என்றாள்.

மகள் படத்தைப் பார்த்தாள், பிறகு மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

ஆய்வாளர் அம்மா எழுந்து வந்து மகளிடம் பரிவாகத்தான் கேட்டார். அவர்கள் தாக்கப் போகிறார்கள் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? மகள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், டீச்சருக்குப் பதவி போகும், மானம் போகும், நாளைக்கு ஆசிரியர் அறைக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

"யாரும் சொல்லல மேடம்," என்றாள் மகள், கண்ணை அம்மாவிடமிருந்து எடுக்காமலே. "நாங்களா பயந்துக்கிட்டோம்."

பின்சுவரிலிருந்து சில்லு, இனிமேல் என்கூடப் பேசாதே என்று அழுத்தமாகச் சொன்னாள். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, பயம் என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள். பயந்தவன் எப்படி முதல் அடி அடிக்கிறான், அந்த அடியில் யார் சாகிறார்கள் என்று சரளமாக விளக்கினாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவள் நடத்தினதே இல்லை. பத்துப் பக்கம் படித்தாலும் இப்படிப் புரியாது என்று ஆய்வாளர் பாராட்டினார். வாசலில் நின்ற தலைமை ஆசிரியர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே வாழ்த்துச் சொன்னார்.

வகுப்பு கலைந்தது. சில்லு போகும்போது பையோடு புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு வேறு பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். மகள் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாளைக்கே சில்லுவைக் கூப்பிட்டுத் தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிடுவதாக, குரலைத் தாழ்த்திச் சமாதானம் செய்தாள்.

"சொல்லு. அவ நம்ப மாட்டா. பெத்த பொண்ணைக் காப்பாத்த நீ பொய் சொல்றேன்னுதான் நினைப்பா. யாரும் சொல்லலைன்னு நான்தான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே."

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

மகள் அப்போதுதான் அழுதாள்.

"நான் அப்படிச் சொன்னதும் நீ முன்னாடி வந்து, இல்ல, நான்தான் சொன்னேன்னு சொல்லுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேம்மா. நீ போர்டுல எழுதப் போயிட்டே."

டீச்சர் அவள் தோளைத் தொடப் போனாள். மகள் விலகி எழுந்து, பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்து, தரையிலிருந்த ஆற்றை மிதித்துக்கொண்டு போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, பாடத்துக்குக் காத்திருந்தார்கள்.