இடது கன்னம்

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு உயரமான நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்காருவதுதான் அவளுக்கு வேலை. 'உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதிக்கிறா' என்று நாத்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாத்தனாரை ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை.

மேக்கப் போடுவதற்கு முன்னால் தோலைத் தயார் செய்ய வேண்டும். அதைக் கூட்டத்துக்குப் புரியவைக்கிறோம் என்று அவள் முகத்தை நடுவில் கோடு போட்டுப் பங்கு பிரித்திருந்தார்கள். வலது பாதிக்கு ராஜ உபசாரம். வெதுவெதுப்பான துணியால் ஒற்றுவது, ரோஸ் நிறத்தில் ஒரு திரவம், அதன்மேல் கிரீம், அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம், கடைசியில் வழவழவென்று ஒரு ப்ரைமர். இடது பாதிக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது, நேராக ஃபவுண்டேஷன்தான். இரண்டு பக்கமும் ஒரே ஃபவுண்டேஷன், ஒரே பஞ்சு, பூசுவதும் அவளுடைய அதே கை. வலது கன்னம் பீங்கான் மாதிரி நிற்கும். இடது கன்னத்தில் மூக்கோரம் திட்டுத்திட்டாக ஒட்டி, சிரித்தால் விரிசல் விடும். "பாத்தீங்களா?" என்பார் மேனேஜர், மைக்கைப் பிடித்துக்கொண்டு. பார்த்தவர்கள் கிரீமும் ப்ரைமரும் அடங்கிய நீலப்பெட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒன்றும் கிடையாது என்பது கூட்டத்துக்குச் சொல்கிற கதை. தினமும் காலையில் கடை திறக்குமுன், பின்னறையில், மேனேஜரின் கண் முன்னால், ஒரு பழுப்பு பாட்டிலில் இருக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து இடது கன்னத்தை அவள் துடைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் அழுத்தி.

"எண்ணெய்ப் பசை இருந்தா சோதனை நியாயமா இருக்காதும்மா," என்று முதல் நாளே சொல்லியிருந்தார் மேனேஜர். நியாயம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். அப்படி ஒரு குரல்.

முதலில் ஜிவ்வென்றுதான் இருந்தது. பிறகு தோல் இழுத்தது, செதில் செதிலாக உரிந்தது. அதற்குப் பிறகு சாதாரணத் தண்ணீர் பட்டாலே எரிந்தது. கடையில் எல்லோரும் அவளுக்குப் 'பாதி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "பாதி வந்தாச்சா?", "பாதி சாப்பிடப் போயிருக்கு." அவளும் சிரித்துத் தொலைத்தாள். வீட்டில் நாலு வயது மகள் அவளை முத்தமிட வரும்போதெல்லாம் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரப் பழகியிருந்தாள். ஒருமுறை தெரியாமல் இடது பக்கம் கன்னத்தை வைத்து அழுத்திவிட்டாள். இவள் வலியில் கத்திவிட்டாள். குழந்தை பயந்து கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவையும் எதற்காகப் பொறுத்துக்கொண்டாள் என்றால், கவுண்டர் பொறுப்புக்காக. கவுண்டர் பொறுப்பு என்றால் நாற்காலி இல்லை, பஞ்சு இல்லை, பாட்டில் இல்லை. முகம் முழுசாக அவளுடையதாகிவிடும். மேக்கப் கலையை முறையாகப் படித்தவள் அவள். எந்தத் தோலுக்கு எது ஒத்துவரும் என்பது தொட்டாலே தெரியும். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, அடுத்து நீதான்," என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனார். அவள் அன்று கொஞ்சம் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள்.

பொறுப்பு சின்னவளுக்குப் போயிற்று. சின்னவள் என்பவள் புதிதாகச் சேர்ந்த பெண்; கிரீமுக்கும் ப்ரைமருக்கும் எது முன்னால் எது பின்னால் என்பதே இவள் சொல்லிக்கொடுத்துத்தான் அவளுக்குத் தெரியும். அவள் மேல் தப்பில்லை. "அக்கா, நான் கேக்கவே இல்லக்கா," என்று அழுகிற மாதிரி வந்து நின்றாள்.

இவள் நேராக மேனேஜரின் அறைக்குப் போனாள்.

"எனக்குத்தான்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். இல்லைங்கல." மேனேஜர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா யோசிச்சுப் பாரு. கவுண்டர்ல நிக்கிறவங்களோட முகத்தைத்தான் வர்றவங்க முதல்ல பாப்பாங்க. உனக்கு அந்த இடது பக்கம் அப்படி இருக்கு. தோலைக் கவனிச்சுக்காத ஆளு மத்தவங்க தோலைப் பத்திப் பேசினா யாரு வாங்குவா?"

வாய் வரை வந்த பேச்சை அவள் விழுங்கிக்கொண்டாள். அது அச்சில் போடக்கூடிய பேச்சு இல்லை. தினமும் கண் முன்னால் நின்று தேய்க்கச் சொன்ன மனிதன், அந்தக் கன்னத்தையே காட்டி, நீ கவனித்துக்கொள்ளவில்லை என்கிறான். அடித்துவிட்டு, ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்கிற ஜாதி. இப்படிப்பட்டவர்களுக்குத் தாங்கள் செய்தது நிஜமாகவே மறந்துவிடுகிறதா, இல்லை மறந்த மாதிரி நடிக்கிறார்களா என்று இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

"சரி சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கழிவறையில் போய்க் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்தும் ஆறவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். மேனேஜர் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. கன்னம் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்றைக்கே பின்னறைக்குப் போய், பழுப்பு பாட்டிலில் இருந்ததைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்து வைத்தாள். வாசனைக்காக மூடியின் வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஸ்பிரிட் தடவிவிட்டாள். மறுநாள் காலை வழக்கம்போல் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கம்போல் அவள் பஞ்சை நனைத்தாள். வழக்கம்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். அழுத்துகிற மாதிரி பாவனை செய்தாளே தவிர, பஞ்சு தோலில் பட்டும் படாமலும்தான் போயிற்று. மேனேஜர் பார்த்தது பஞ்சைத்தான், கன்னத்தை இல்லை; திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் கன்னம் ஆறினால் காட்டிக்கொடுத்துவிடுமே. அதற்கும் வழி வைத்திருந்தாள். படித்த படிப்பு எங்கே போகும்? அவர் போனதும் ஈரக் கன்னத்தில் முகப்பவுடரைத் திட்டுத்திட்டாக ஒற்றிக் காயவிட்டால், பார்ப்பதற்குச் செதில் மாதிரியே இருக்கும். அதன்மேல் ஃபவுண்டேஷன் பூசினால் பழையபடி கட்டிக்கட்டியாக நிற்கும். கூட்டம் 'ஐயோ' என்றது, நீலப்பெட்டிகள் போயின. ஏமாற்றுதான். ஏற்கனவே நடந்துகொண்டிருந்த ஏமாற்று, இப்போது அவள் கன்னம் எரியாமல் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் இடது கன்னத்தின் பக்கமே அவள் போகவில்லை. கிரீம் வைக்கவில்லை, எண்ணெய் வைக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் கழுவி, பழைய துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அப்படியே விட்டாள். மகளையும் தொட விடவில்லை. முதலில் எரிச்சல் போயிற்று. பிறகு சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. ஒரு காலையில் விரலால் தடவிப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் கோபம்தான் வந்தது. சும்மா விட்டால் போதும் என்றிருந்த கன்னத்தை என்ன பாடு படுத்திவிட்டான்.

கடையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடம் வந்திருந்தார். முன்வரிசையில் அவருக்கு மெத்தை நாற்காலி. பின்னால் நல்ல கூட்டம். பாதிப் பேர் கையில் நீலப்பெட்டியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள், அன்றைக்கு விலையைக் குறைத்திருந்தார்கள். மேனேஜர் புதுக் கோட்டில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். சின்னவள் கவுண்டரில் நின்றாள். இவள் மேடையில் போட்டிருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அன்று பவுடர் வைக்கவில்லை.

வலது பக்கம் ஒற்றினாள், திரவம், கிரீம், காத்திருப்பு, ப்ரைமர். இடது பக்கம் நேராக ஃபவுண்டேஷன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொறுமையாகப் பூசினாள். மேனேஜர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மேடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்தார்.

"வலது பக்கத்தைப் பாருங்க, பட்டு. இடது பக்கத்தைப் பாருங்க. தயார் செய்யாத தோலு. எப்படி வெடிச்சு, எப்படித் திட்டுத்திட்டா நிக்குது பாருங்க. உங்க முகத்துக்கும் இந்தக் கதி வரணுமா?"

கூட்டம் பார்த்தது. எட்டி எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எது சார் இடது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேனேஜரும் சேர்ந்து சிரித்தார், பாவம், கேள்வி வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நீலப்பெட்டியும் கையுமாக மேடை வரைக்கும் வந்து, இவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு," என்றார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?"

அப்போதுதான் மேனேஜர் திரும்பினார். திரும்பிய முகத்தில் ஈயாடவில்லை.

பெரிய மேடம் எழுந்து வந்தார். கோபமாகத் தெரியவில்லை, ஆவலாகத்தான் இருந்தார். புதுச் சரக்கு எதுவோ கிடைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. "இடது பக்கம் நீங்க என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடல மேடம்," என்றாள் அவள். "போட்டுக்கிட்டு இருந்தத நிறுத்தினேன்."

மடியில் துண்டுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த பழுப்பு பாட்டிலை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள். மைக் மேனேஜர் கையில்தான் இருந்தது, அவளுக்குத் தேவைப்படவில்லை.

"இப்ப இதுல இருக்கறது தண்ணி. முன்னாடி இருந்தது ஸ்பிரிட். தினமும் காலையில சார் பக்கத்துல நின்னு இந்தக் கன்னத்தைத் தேய்க்க வைப்பாரு. தேய்ச்சுத் தேய்ச்சு வெடிச்சதத்தான் இத்தனை நாளா உங்களுக்குக் காட்டினோம். நானும்தான் காட்டினேன். கிரீம் நல்ல கிரீம்தான், காஞ்ச தோலுக்குப் போடுங்க, வேண்டாங்கல. ஆனா அது இல்லாட்டி முகம் இப்படி ஆயிடாது. இப்படி ஆனதுக்கு இந்த பாட்டில்தான் காரணம். கடைசில, முகம் சரியில்லன்னு எனக்கு வர வேண்டிய பொறுப்பையும் குடுக்கல."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

பெரிய மேடம் குரலைத் தாழ்த்தி, "உள்ள போய்ப் பேசிக்கலாமே," என்றார். பெரியவர்களுக்கு எப்போதும் உள்ளேதான் பேச வேண்டும்.

"முகத்தை வெளியில வச்சுத்தானே மேடம் வித்தீங்க," என்றாள் அவள். "இங்கயே பேசலாம்."

கண்ணாடி போட்ட அம்மாள் தன் நீலப்பெட்டியை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார். அவரைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள். இவள் நாற்காலியிலிருந்து இறங்கி, பின்னறையில் முகத்தை முழுசாகக் கழுவிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சின்னவள் வாசல் வரைக்கும் வந்தாள். "அக்கா, நாளைக்கு என்னை அந்த நாற்காலியில உக்காரச் சொன்னா?" என்று கேட்டாள்.

"உக்காராத," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஓடி வந்தாள். வந்தவள் வழக்கம்போல் அம்மாவைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்று, எம்பினாள்.

"இந்தப் பக்கமும் குடுக்கலாம்டா," என்று இடது கன்னத்தைக் காட்டினாள். "ஆறிடுச்சு."

குழந்தை அந்தக் கன்னத்தைப் பார்த்தது. ஒரு விரலை நீட்டி, தொடாமல் பாதியிலேயே நிறுத்திக்கொண்டது. "வேணாம்மா," என்றது. "நீ கத்துவ."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் அத்தனை பேர் முன்னால் சொன்னதில் இதைச் சொல்ல விட்டுவிட்டோமே என்று இருந்தது. இன்னொரு தரம் போய், அந்த மைக்கைப் பிடுங்கி, இதையும் சொல்லிவிட்டு வர வேண்டும் போல இருந்தது.