மூன்று ஸ்தோத்திரம்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து பந்தயம் கட்டக் கூடாது. அது என் மனைவி ஞானமலரின் சட்டம். ஆகவே ஹேண்ட்போல் ஆட்டம் நடக்கும்போது நான் அதைக் கைபேசியில் பார்த்தபடி குசினியில், அடுப்படியில் இருப்பேன். அவளுடைய தொலைக்காட்சி என் கைபேசியைவிட அரை நிமிடம் முந்தி ஓடும். டென்மார்க் கோல் போட்டால் "ஸ்தோத்திரம்!" என்று கத்துவாள். அதைக் கேட்டுத்தான் ஆட்டத்தின் நடுவில் பந்தயம் கட்டுவேன். கள்ளத்தனம்தான். ஆனால் இந்தக் கைபேசி ஏன் பிந்தி ஓடவேண்டும்?

அன்று ஐந்து நிமிடம் மீதி இருந்தது. டென்மார்க் இரண்டு கோல் பின்னால் நின்றது. திடீரென்று அடுத்தடுத்து மூன்று ஸ்தோத்திரம் கேட்டது. டென்மார்க் வெல்லும் என்று உடனே கட்டினேன். ஒரு நிமிடம் போயும் கோலைக் காணவில்லை. இவள் என்னத்துக்குக் கத்தித் தொலைத்தாள்? ஆனால் கடைசி நொடியில் டென்மார்க் ஒரு கோலால் வென்றுவிட்டது.

துள்ளிக்கொண்டு ஹோலுக்குப் போனேன். தொலைக்காட்சி அணைந்திருந்தது. அவள் வேதாகமத்தோடு கணினியின் முன் இருந்தாள்.

"மட்ச் பாக்கேல்லையோ?"

"இல்லை. சூமில செபக்கூட்டம்."

"பிறகேன் மூண்டு தரம் ஸ்தோத்திரம் எண்டு கத்தினனீர்?"

"நீங்கள் பந்தயத்தை விடவேணும் எண்டு பாஸ்டர் செபிச்சவர். அதுக்குத்தான்."

கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, மனம் நிறைந்து "ஆமென்" என்றேன்.