அறுந்துபோகாத கயிறு

அன்று ஏரியில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் மகள், அவளைக் கட்டிய மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாயாரான சம்பந்தியம்மா, என் மனைவியின் தம்பி எக்ஸ்பிரஸ். எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வந்து சேராதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எங்களைத் தவிர ஒரு கொக்கு நின்றது. அது யாரிடமும் போய்ப் பேசியிருக்காது. ஆகவே உறவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கதை இந்த ஆறு பேரில் ஒருவர் வாயிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். யார் வாய் என்று நான் துருவப் போவதில்லை. அந்த வயது போய்விட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை புது வண்டி வாங்கியிருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற, ஏறுவதற்கே படி வைத்த உயரமான வண்டி. இரண்டு வீட்டாரும் ஒரு நாள் சேர்ந்து போய் வரலாம் என்று கூப்பிட்டார். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. மாப்பிள்ளை கூப்பிட்டால் போக வேண்டும், போனோம். அவர் வண்டியில் நாங்கள் ஐந்து பேர். எக்ஸ்பிரஸ் தன்னுடைய பழைய ஜீப்பில் பின்னால் வருவதாகச் சொன்னான்.

வெயில் காலத்தில் ஏரி பாதிக்கு மேல் வற்றியிருந்தது. தண்ணீர் விலகிய இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, வெடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை கரைப்பாதையை விட்டு அந்த வெள்ளைத் தரையில் வண்டியை இறக்கினார். வேலைக் காலம் முழுவதும் சாலை போடும் இடங்களில் மேற்பார்வையாளராக நின்றவன் நான். மேலே ஓடு கட்டி, அடியில் குழம்பாக இருக்கும் தரையைப் பார்த்தவுடன் தெரியும். தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருக்கிறது. என் அப்பா ஒரு நாள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த வாரம் அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து இறங்கினாள். அந்தப் பெட்டி எங்கள் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் கடைசிவரை இருந்தது. அக்காவும் அந்த அறையிலேயே இருந்து முடிந்துபோனாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்த மாப்பிள்ளையையும் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இதைப் பயம் என்பவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். நான் ஒழுங்கு என்கிறேன்.

முன்சக்கரம் மேலே கட்டியிருந்த ஓட்டை உடைத்துக்கொண்டு இறங்கியது. அப்போதே நிறுத்தி, வந்த தடத்திலேயே மெல்லப் பின்வாங்கியிருந்தால் வெளியே வந்திருக்கும். மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"மெதுவா..." என்று ஆரம்பித்த என் மனைவி, நான் பார்த்த பார்வையில், "மெதுவா காத்து வருது, இல்ல?" என்று முடித்தாள்.

"என் பையன் இதைவிடப் பெரிய பள்ளமெல்லாம் பார்த்தவன்," என்றார் சம்பந்தியம்மா.

"ஃபோர் வீல், மாமா. இது ஏறாத இடமே கிடையாது."

"ஆமாம் மாப்பிள்ளை," என்றேன்.

அவர் இன்னும் மிதித்தார். கறுப்புச் சேறு ஜன்னல் கண்ணாடி வரை வாரி அடித்தது. கடைசியில் வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்தது. சக்கரங்கள் சும்மா சுற்றின. பாதி வண்டியைப் புதைத்தது சேறு. மீதியைப் புதைத்தது நாங்கள் கொடுத்த மரியாதை.

இறங்கி, கெட்டித் தரைக்கு நடந்தோம். சம்பந்தியம்மாவின் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. என் மகள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். நிழல் என்று சொல்ல ஒரு செடி இல்லை. குடிதண்ணீர் வண்டிக்குள் இருந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போகும் தெம்பு யாருக்கும் இல்லை. எக்ஸ்பிரஸ் வந்து சேர்வதற்குள் எல்லோருக்கும் எல்லோர் முகமும் அலுத்துவிட்டது.

"நான் லேட்டா வந்தது நல்லதாப் போச்சு," என்றான் அவன், ஜீப்பைக் கரைப்பாதையிலேயே நிறுத்தி. "கரெக்டா வந்திருந்தா ரெண்டும் ஜோடியாக் குளிச்சிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

அவனிடம் நீளமான, தடிமனான நைலான் கயிறு இருந்தது. வந்த வழியே பின்னால் இழுப்பது என்று முடிவாயிற்று. அது சரியான முடிவுதான். இழுப்பதற்கென்று வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். அது சேற்றுக்குள் போயிருந்தது. வெளியே தெரிந்தது, டிரெய்லர் மாட்டுவதற்கென்று பின்னால் துருத்திக்கொண்டிருந்த இரும்புக் குண்டு மட்டுமே. மாப்பிள்ளை கயிற்றின் கண்ணியை அதன் கழுத்தில் மாட்டினார்.

எக்ஸ்பிரஸ் என்னைப் பார்த்தான். நான் கொக்கைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, அந்தக் குண்டு..." என்று அவன் இழுத்தான்.

"அதுக்கென்ன? கம்பெனிக்காரன் போட்டது. டன் கணக்குல தாங்கும்."

"இல்ல, அது உருட்டிக்கிட்டுப் போறதுக்கு. புதைஞ்ச வண்டியைப் புடுங்கறதுக்கு..."

"சின்ன மாமா, உங்க ஜீப்பு இழுக்குமா இழுக்காதா, அதைச் சொல்லுங்க முதல்ல."

எக்ஸ்பிரஸ் வாயை மூடிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினான்.

அந்தக் குண்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வேலைக்களத்தில் ஒருமுறை இப்படித்தான் ஒரு லாரியை இழுத்தார்கள். நைலான் கயிறு நீளும், நீண்டு நீண்டு பலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குண்டு பிய்த்துக்கொண்டு, இழுத்த வண்டியின் பின்கண்ணாடி வழியாகப் போயிற்று. ஓட்டியவன் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனவன் நான். இன்று இழுக்கிற வண்டியில் என் மச்சான். இரண்டு வண்டிக்கும் நடுவில், கயிற்றை ஒட்டி, கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே மாப்பிள்ளை.

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, வேண்டாம்ப்பா. அத்தை பாக்கறாங்க."

அவளுக்கும் அந்தத் தகரப் பெட்டி தெரியும். அவள் விளையாடி வளர்ந்ததே அதன் மேல்தான்.

ஜீப் உறுமியது. கயிறு தரையைவிட்டு எழும்பி விறைத்தது. "மாப்பிள்ளை, தள்ளி வாங்க!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அல்லது கேட்டும் போங்கள் என்று கையை ஆட்டினாரோ, தெரியாது. நான் மகளின் கையை விலக்கிவிட்டுப் போய், அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தேன். அவர் சேற்றில் மல்லாக்க விழுந்தார். பொத்தான்கள் தெறித்தன. எக்ஸ்பிரஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஜீப்பை நிறுத்தினான். கயிறு தொய்ந்து விழுந்தது.

அறுந்துபோகவில்லை. குண்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அறுந்திருந்தால் எனக்கு இன்று இந்தக் கதையைச் சொல்லும் வேலை இருந்திருக்காது.

"என் பையன் மேலயே கை வைச்சுட்டீங்களா, சம்பந்தி?" என்றார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம்.

"கயிறு அறுந்தா ஆளை வெட்டிப் போட்டுடும்மா. எல்லாரும் கயிறு நீளத்துக்கு மேல தள்ளிப் போங்க," என்றேன். வேலைக்களத்துக் குரல் தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி உள்ளே அனுப்ப முடியாது.

மாப்பிள்ளை எழுந்து போய் ஜீப் நிழலில் தாயார் பக்கத்தில் உட்கார்ந்தார். எக்ஸ்பிரஸின் ஜீப்பில் ஒரு மண்வெட்டிதான் இருந்தது. முதலில் நான் வெட்டினேன். அந்தச் சேறு ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டியைத் திருப்பித் தரமாட்டேன் என்றது. அள்ளிப் போட்டது பாதி வழிந்து மறுபடி குழிக்கே வந்தது. என் முதுகு நிமிராமல் போனபோது மகள் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா, அழுகையா, சேறு மறைத்திருந்தது. எக்ஸ்பிரஸ் சாவி முனையால் நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினான். டயர் தட்டையானால் பரப்பு கூடும், மிதக்கும். என் மனைவி வண்டிக்குள்ளிருந்த ரப்பர் மிதியடிகளைக் கொண்டுவந்து, சக்கரத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் செருகினாள்.

"கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு குனியலை," என்றாள் என்னைப் பார்க்காமல்.

பின்கொக்கி தெரிவதற்குள் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்து வந்தார். தன் மனைவியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, என் பக்கம் திரும்பாமலேயே, வயிற்றுக்கு அடியில் இருந்த சேற்றைப் படுத்துக்கொண்டு வழித்தார். நன்றாகத்தான் வழித்தார். அதையும் சொல்ல வேண்டும்.

கயிற்றைக் கொக்கியில் மாட்டினோம். வெளியே போனால் கோட்டுப் போடுவது என் பழக்கம். அதைக் கழற்றிச் சேற்றுத் தண்ணீரில் முக்கிக் கயிற்றின் நடுவில் போட்டேன். கயிறு அறுந்தால், கனம் அதைப் பாயவிடாமல் கீழே தள்ளும். எல்லோரையும் தள்ளி நிறுத்தினேன். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில், ரிவர்ஸ் கியரில். எக்ஸ்பிரஸ் வெடுக்கென்று இழுக்காமல், கயிற்றை விறைக்கவிட்டு, அப்புறம் நகர்ந்தான். அவனுடைய நிதானத்துக்கு வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஓர் உபயோகம் வந்தது. வண்டி முனகிற்று, சேறு உறிஞ்சும் சத்தம் கேட்டது, ஈரச் சாக்கிலிருந்து காலை உருவுவதுபோல வெளியே வந்தது. கைதட்ட யாருக்கும் கை எழவில்லை.

திரும்பும்போது சம்பந்தியம்மா, "நாங்க மூணு பேரும் இதுல வரோம். அவங்க ஜீப்புல வரட்டும்," என்றார். மகள் அந்த வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்துமுன் என்னைப் பார்த்தாளா என்று எனக்கு நிச்சயமில்லை.

அதன் பிறகு போன் வரவில்லை. நாமாகப் போன் செய்வது மரியாதை இல்லை என்றேன். ஒரு காலையில் பார்த்தேன், என் மனைவி யாரும் சொல்லாமலே பின்னறையைப் பெருக்கி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அப்பா கேட்ட அந்த ஒரு வாக்கியத்தையும் நான் பிடித்த காலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எது கனம் என்று தெரிந்ததில்லை. ஆனால் கையை எடுத்திருப்பேனா என்றால், மாட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உயரமான வண்டி வாசலில் நின்றது. மகள் இறங்கினாள். கையில் பெட்டி. என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாடியிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபக்கக் கதவைத் திறந்து மாப்பிள்ளையும் இறங்கினார்.

"சின்ன மாமா இருக்காரா, மாமா?" என்றார். "அவர் கயிறு சேத்துல ஊறி வீணாப் போச்சு. புதுசு வாங்கினேன். கொக்கி, மடக்கு மண்வெட்டி எல்லாம் இதுல இருக்கு."

"எக்ஸ்பிரஸ்தானே. வருவான். உட்காருங்க மாப்பிள்ளை."

உட்கார்ந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்கள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தன. யார் தைத்தது என்று என் மனைவி கேட்டாள். "அம்மா," என்றார். சம்பந்தியம்மா வரவில்லை. இன்றுவரை என்னோடு பேசவும் இல்லை. அது அவர் உரிமை.

"அந்தக் குண்டைக் கழட்டிட்டேன்," என்றார், காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு. "சும்மாதான். முட்டியில இடிக்குது."

"நல்லதாப் போச்சு," என்றேன்.

இனி, வெளியே பேசுவதற்கு வருகிறேன். நான் மாப்பிள்ளையை அறைந்ததாகவும், அதனால் என் மகளைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொல்கிறார்கள். நான் அறையவில்லை. காலரைப் பிடித்து இழுத்தேன். மகள் பெட்டியோடு வந்தது உண்மை. பெட்டிக்குள் இருந்தது கயிறு. அதை எக்ஸ்பிரஸுக்காக இங்கே வைத்துவிட்டு, சாயங்காலமே புருஷனோடு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.