பாலத்துக்கு முதல் நண்டுக்கறி

சென்ட் ஆண்ட்ரூஸைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ. ஸ்கொட்லாந்தில கடற்கரையோரம் ஒரு சின்ன ஊர். கோல்ஃபுக்குத் தாய்வீடு அதுதான். ஐந்நூறு வருசத்துக்கு மேல முந்தி, சனம் வில்லுப் பழகாமல் பந்தடிச்சுக்கொண்டு திரியுதெண்டு அந்த நாட்டு ராசா தடையே போட்டவர். ஆர் கேட்டது! பேந்தொரு காலம் கோல்ஃப் அடிக்கிற புல்வெளியை முயல் வளர்க்கிறவைக்குக் குத்தகைக்குக் குடுக்க, கோல்ஃப்காரர் கோடு கச்சேரி ஏறிச் சண்டை பிடிச்சவை. அந்தப் புல்வெளியில, பேர்போன ஆட்டக்காரரெல்லாம் நிண்டு படம் எடுக்கிற ஒரு சின்னக் கல்லுப்பாலம் இருக்கு. மொன்றியலுக்குப் பக்கத்தில புவாண்ட்-கிளேரில பனி கரைஞ்ச உடன பந்தடிக்க ஓடுற எனக்கு, ஒருக்கா அதில ஏறி நிண்டு படம் எடுக்கோணும். அவ்வளவுதான் ஆசை.

இந்த வைகாசியில போனம். அங்கயிருந்து காரில ஒண்டரை மணித்தியாலத் தூரம் எடின்பரோ; என்ர மனுசன் மகேந்திரராசாவுக்கு அங்க ஒரு ஒண்டுவிட்ட தம்பி, பிரணவன். ஊருக்கு ஊர் சொந்தம் வைச்சிருக்கிற மனுசனைக் கட்டினால் இதுதான் கதி. முதல்நாள் தம்பி வீட்டில புட்டும் நண்டுக்கறியும். அடுத்தநாள் தம்பியின்ர மாமியார் வீடு. "சாப்பிடாமல் போனால் குறை நினைப்பினம்" எண்டார் இவர். ஒவ்வொரு நாளும் விடிய நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில நிப்பன்; ஆரோ இடியப்பத்தோட வந்து நிப்பினம். கடைசி ஞாயிறு, விடப்போறதில்லையெண்டு காருக்க ஏறியே இருந்திட்டன். பிரணவன்ர பெஞ்சாதி ஓடிவந்து அழுதாள்.

"அக்கா, ஆட்டிறைச்சி அடுப்பில கிடக்கு."

இறங்கிட்டன். எனக்கென்ன கல்நெஞ்சோ? அடுத்தநாள் பிளேன்.

மொன்றியலுக்குத் திரும்பினால், என்னோட கோல்ஃப் விளையாடுற கூட்டம் முழுக்க சென்ட் ஆண்ட்ரூஸ் கதை கேட்க வீட்டுக்கு வந்திட்டுது. அங்க போகேல்லையெண்டு சொன்னால் மானம் போயிடும். வாசிச்சு வைச்ச முயல் வழக்கை நேரில பாத்தவள் மாதிரி அவிட்டுவிட்டன். எல்லாரும் வாயைப் பிளந்தினம்.

"பாலத்தில எடுத்த படம் எங்க, தாட்சாயினி அக்கா?" எண்டாள் கூட்டத்தில ஒருத்தி, சாருஜா.

நான் வாய் திறக்கமுதல், இந்த மனுசன் தன்ர போன் படங்களை டிவியில போட்டுது. நண்டு. இடியப்பம். பிறகும் நண்டு. எனக்கு முகம் செத்துப்போச்சு.

ஒருத்தரும் சிரிக்கேல்லை. எங்களோட விளையாடுற தேவதாசன் அண்ணை எழும்பி டிவிக்குக் கிட்டப் போனார். "உந்த நண்டு அங்க எங்க வாங்கினவை?" எண்டார். பாலத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடேல்லை.

எனக்கு வந்ததே ஒரு விசர்! "அடுத்த மாசம் தனியப் போறன்" எண்டு கத்தினன். "சொந்தக்காரர் ஒருத்தற்ற வாசலும் மிதிக்கமாட்டன். நேர பாலம்தான்!"

சாருஜா ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சாள். "போங்கோ அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. என்ர பெரியக்கா சென்ட் ஆண்ட்ரூஸிலதான் இருக்கிறா. இப்பவே போன் போட்டுச் சமைக்கச் சொல்லுறன்."